பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டு பாடம் அடங்காது

கேள்வி: எனக்கு வயது 36. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை. சென்ற ஆண்டு ஆன்லைன் வழியாகப் பகுதிநேர முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன்; தரவுப் பகுப்பாய்வு. முதல் பருவத்தில் ஒரே பாடம் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்தத் தைரியத்தில் இந்தப் பருவம் இரண்டு எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றும் 6 கிரெடிட், ஐரோப்பிய முறைக் கணக்கு. பதினைந்து வாரப் பருவத்தில் ஐந்தாவது வாரம் நடக்கிறது. மூன்று வாரப் பாடம் பாக்கி. தினமும் இரவு ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை படிப்பதாக அட்டவணை போட்டேன். பத்தேகாலுக்கே கண் சொருகுகிறது. வாரத்துக்கு எட்டு மணி நேரம் படித்தால் அதிகம். ஆபீஸில் ஒரு காதில் விரிவுரையை ஓடவிட்டுக்கொண்டு வேலை பார்க்கிறேன். நான் படிப்பது மேலாளருக்குத் தெரியாது. எட்டு வயது மகள், "எப்பப் பார்த்தாலும் லேப்டாப்தானா அம்மா" என்கிறாள். கணவர் ஒருநாள், "உன்னை யார் படிக்கச் சொன்னது?" என்று கேட்டேவிட்டார். எனக்கு ஒழுங்கு போதவில்லையா? விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பதினோரு வருடமாக மாதக் கடைசிக் கணக்கை முடித்துக் கொடுப்பவர் "எனக்கு ஒழுங்கு போதவில்லையா" என்று கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். ஒழுங்கில்லாதவர்கள் இப்படி உட்கார்ந்து கடிதம் எழுத மாட்டார்கள். சத்தமில்லாமல் லாக்-இன் பண்ணுவதை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் கோட்டைவிட்டது கூட்டலில். அதுவும் கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிரெடிட் என்று பல்கலைக்கழகம் சொல்வது மதிப்பெண்ணை அல்ல, நேரத்தை. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்றால் மாணவர் 25 முதல் 30 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பொருள். விரிவுரை கேட்பது, படிப்பது, ஒப்படைவு (அசைன்மென்ட்) எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் சேர்த்தி. (பிரிட்டிஷ் முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம்தான். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 30 மணி நேரம். அதனால் வெறும் எண்ணை வைத்து ஒரு பாடம் சின்னது, இன்னொன்று பெரியது என்று முடிவுகட்டக் கூடாது.) உங்கள் 6 கிரெடிட் பாடத்துக்கு 150 முதல் 180 மணி நேரம். பதினைந்து வாரத்தில் வகுத்தால் வாரத்துக்கு 10 முதல் 12. இரண்டு பாடத்துக்கு 20 முதல் 24.

இப்போது உங்கள் வாரம். மொத்தம் 168 மணி நேரம். தூக்கம் ஏழு மணி நேரம் வீதம் 49. ஆபீஸும் போக்குவரத்தும் தினம் பதினோரு மணி நேரம் என்று வையுங்கள், ஐந்து நாளைக்கு 55. குளியல், சமையல், மகளின் வீட்டுப்பாடம், துணி, கடை, ஒரு போன் என்று எப்படிச் சுருக்கினாலும் நாளுக்கு ஐந்து மணி நேரம், ஆக 35. கூட்டினால் 139. மீதி 29. பார்த்தால், அட, 24 மணி நேரம் தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். வார நாட்களில் இரவு இரண்டரை மணி நேரம் வீதம் பன்னிரண்டரை, சனி ஞாயிறு ஐந்தைந்து, மொத்தம் இருபத்திரண்டரை. தாளில் இம்மி பிசகாத கணக்கு. ஆனால் அந்த 29 ஒரே கட்டாக இருக்கும் நேரம் இல்லை. பத்து நிமிடமும் கால் மணியுமாக வீடு முழுக்கச் சிதறிக் கிடப்பது. ஒரு புள்ளியியல் கணக்கைப் போட்டு முடிக்கிற மாதிரி சேர்ந்தாற்போல் வரும் நேரம், சிரமப்பட்டால் பதினொன்றோ பன்னிரண்டோ தேறும். அதாவது ஒரு பாடத்துக்கான நேரம்.

இப்படி ஏமாறுவது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. ரோஜர் பியூலரும் சக உளவியல் ஆய்வாளர்களும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே கோணலாகப் போனால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்கு வந்த பதில் ஏறக்குறைய 49 நாள். ஆக, பயந்து சொன்ன கணக்குகூடப் போதவில்லை.

சரி, என்ன செய்வது? ஒரு பாடத்தை விடுங்கள். படிப்பை விட வேண்டாம். ஒரு பாடம் எடுத்தால் உங்களால் நன்றாகப் படிக்க முடியும் என்பதற்குச் சாட்சி நீங்கள் எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது: முதல் பருவ மதிப்பெண்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில், இன்ன தேதிக்குள் ஒரு பாடத்திலிருந்து விலகினால் மதிப்பெண் பட்டியலில் தோல்வி என்று ஏறாது என ஒரு கடைசி நாள் உண்டு. கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் அதற்கும் முன்பே இருக்கலாம். இரண்டும் வேறு வேறு தேதிகள். பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். உங்களுக்கு ஐந்தாவது வாரம் நடக்கிறது. கட்டணத் தேதி தாண்டியிருந்தாலும், தோல்வி ஏறாத தேதி இன்னும் இருக்க வாய்ப்பு உண்டு. போனால் போகிறது என்று விட்டுவைக்காமல் இன்றைக்கே மாணவர் கையேட்டைத் திறந்து பாருங்கள்.

எதை விடுவது? பிடிக்காததை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அடுத்த பருவத்தில் எடுக்கப்போகும் பாடத்துக்கு இந்த இரண்டில் எது முன்தேவை என்று பாருங்கள். அதை வைத்துக்கொள்ள வேண்டும். எது ஒவ்வொரு பருவமும் நடக்கிறது, எது வருடத்துக்கு ஒருமுறைதான் என்றும் பாருங்கள். அடிக்கடி வருவதை விட்டால் நஷ்டம் குறைவு. உதவித்தொகையோ கல்விக்கடனோ இருந்தால், பருவத்துக்குக் குறைந்தது இத்தனை கிரெடிட் எடுக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கலாம். அதைப் படிக்காமல் விலகல் படிவத்தில் கை வைக்காதீர்கள். கடைசியாக, பட்டத்தை அதிகபட்சம் எத்தனை வருடத்தில் முடிக்க வேண்டும் என்ற வரம்பு. பகுதிநேரப் படிப்புகளில் அது பொதுவாகத் தாராளமாகவே இருக்கும். பருவத்துக்கு ஒன்று என்று போனால் பட்டம் தள்ளிப்போகும், உண்மைதான். போகட்டுமே. ஒரு பாடத்தில் தோற்று அதையே மறுபடி எடுத்தாலும் தள்ளித்தானே போகிறது?

அடுத்தது அந்த இரவுப் பத்து மணி. காலையில் எழுந்து பதினாறு மணி நேரம் ஆன மூளையிடம் புதுச் சூத்திரத்தைக் கொடுத்தால் அது தூங்கத்தான் செய்யும். அதை அதட்டி எழுப்புவதும் நல்லதில்லை. பெரியவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-ல் கூடி அறிவித்தன. படித்தது நினைவில் படிவதற்கும் அந்தத் தூக்கம் தேவை. தூக்கத்தை வெட்டிப் படிப்பது, வாங்கிய சரக்கை இறக்கி வைக்க வேண்டிய கிடங்கை வாடகைக்கு விட்டுவிட்டு நிற்பது மாதிரி.

எனக்குத் தோன்றிய ஒரு வாரத்தைச் சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டே இரண்டு வார நாட்களில் காலை ஐந்தரை முதல் ஏழு வரை. முந்தைய இரவு பத்து மணிக்குப் படுக்கை, அதில் பேரம் கிடையாது. தினமும் நாலு மணிக்கு எழுந்திரு என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள், அது மூன்றாம் வாரத்தில் உடைந்துவிடும். சனிக்கிழமை காலை நாலு மணி நேரம், முடிந்தால் வீட்டுக்கு வெளியே, ஏதாவது நூலகத்தில். ஞாயிறு மூன்று மணி நேரம். நாலு மதிய இடைவேளைகளில் இருபத்தைந்து நிமிடம். கூட்டிப் பாருங்கள், பதினொன்றரைக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. வார நாள் இரவுகள் அத்தனையும் உங்களுக்கும் வீட்டுக்கும். இரவில் கை துறுதுறுவென்றால் மூளை கேட்காத வேலைகளைச் செய்யுங்கள்: கோப்புகளைத் தரவிறக்குவது, மேற்கோள் பட்டியலைச் சரிசெய்வது, அறிவிப்புகளைப் படிப்பது.

உட்கார்ந்ததும் முதல் இருபது நிமிடம் எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? எங்கே விட்டோம் என்று தேடுவதில். பிரவுசரில் முப்பது டேப் திறந்திருக்கும், பாதி எதற்குத் திறந்தோம் என்றே நினைவிருக்காது. நான் படித்த காலத்தில் கற்ற ஒரு சின்ன வழக்கம்: எழுந்திருக்கும் முன் ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதி லேப்டாப்புக்குள் வைத்து மூடிவிடுவேன். "மூன்றாம் அலகு, நாலாவது கணக்கு. சராசரி சரி, விலக்கத்தில் மாட்டிக்கொண்டேன். அங்கிருந்து." இவ்வளவுதான். திறந்ததும் அந்தத் தாள் மடியில் விழும். "படிக்க வேண்டும்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. எந்த அலகு, எந்தக் கணக்கு என்று இருக்க வேண்டும்.

இனி, ஒரு காதில் ஓடும் விரிவுரை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அது படிப்பு நேரம் என்று தோன்றுகிறது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் காட்டினார். நீங்கள் ஒரு மணி நேரத்தில் முப்பது முறை தாவுகிறீர்கள். விரிவுரையும் ஏறாது, ரசீதும் பொருந்தாது. அதைவிட மோசமானது இன்னொன்று: காதில் விழுந்துகொண்டே இருப்பதால் சொற்கள் பழகிப்போகின்றன, பழகியதைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். தேர்வில் வினாத்தாளைப் பார்த்ததும் "இது கேட்ட மாதிரி இருக்கே" என்று திகைப்பது அதனால்தான்.

திரும்பத் திரும்பப் படிப்பதும், மஞ்சள் பேனாவால் கோடு போடுவதும் இதே வகைதான். படிப்பு உத்திகளைப் பற்றி 2013-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு இவ்விரண்டையும் பயன் குறைந்தவை என்று கடைசியில் வைத்தது. முன்னால் வந்தவை இரண்டு: தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு, மூடிவைத்து நினைவிலிருந்து மூன்று முறை எழுதியவர்களுக்கு 61 சதவீதம்.

உங்கள் மதிய இருபத்தைந்து நிமிடம் இதற்குத்தான். லேப்டாப் வேண்டாம். வெள்ளைத் தாளும் பேனாவும். "பி மதிப்பு என்றால் என்ன?" என்று உங்கள் புள்ளியியல் பாடத்தில் வரும் ஒரு கேள்வியை மேலே எழுதிவிட்டு, பாடத்தைப் பார்க்காமல் உங்கள் வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். இரண்டு வரி வேகமாக ஓடும், மூன்றாவது வரியில் பேனா நின்றுவிடும். எங்கே நின்றதோ அந்த இடத்தைத்தான் சனிக்கிழமை படிக்க வேண்டும். அந்தப் பாடம் முழுவதையும் மறுபடி கேட்க வேண்டியதில்லை. பாக்கியிருக்கும் மூன்று வாரத்துக்கும் இதே வழிதான்: வைத்துக்கொள்ளும் பாடத்தில் ஒவ்வொரு வாரத்தின் பயிற்சிக் கேள்விகளை முதலில் போடுங்கள், தடுக்கிய இடத்துக்கு மட்டும் விரிவுரையைத் தேடிப் போங்கள்.

பின்தங்கியிருக்கும்போது ஒரு சபலமும் வரும்: ஒப்படைவைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று. எந்த அளவு அனுமதி என்று ஒவ்வொரு பாடக் குறிப்பிலும் இருக்கும், படியுங்கள். அனுமதியில்லாமல் மாட்டினால் இந்த ஒரு பாடத்தோடு போகாது.

ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் கணினியில் படிப்பதை நிறுத்துங்கள். நிறுவனத்துக்கு அது தெரிய வந்தால், நீங்கள் படிப்பதையே முதன்முதலாகக் குற்றப்பத்திரிகை வடிவத்தில் மேலாளர் கேள்விப்படுவார். அதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. எப்போது? ஒரு பாடத்தை விட்ட பிறகு, கையில் தேதிகளை வைத்துக்கொண்டு. "படிக்கிறேன், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "இந்த இரண்டு நாள் தேர்வு, விடுப்பு வேண்டும், இந்தப் பருவம் புதன்கிழமைகளில் சரியான நேரத்துக்குக் கிளம்ப வேண்டும்" என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஊதியத்தோடு கல்வி விடுப்பு என்பதைப் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974-லேயே, 140ஆம் எண் உடன்படிக்கையாக, நிறைவேற்றியிருக்கிறது. எல்லா நாடும் ஏற்கவில்லை, உங்கள் நிறுவனம் அதைக் கேள்விப்பட்டே இருக்காது என்பது வேறு விஷயம். கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டம் இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் விசாரியுங்கள். இருந்தால் கையெழுத்துப் போடும் முன், இத்தனை வருடம் வேலையை விடக் கூடாது என்று ஒப்பந்தம் கேட்கிறார்களா என்று பாருங்கள்.

மேலாளரைப் பார்க்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று. பருவத்தின் ஒப்படைவுத் தேதிகளையும் உங்கள் மாதக் கடைசி, காலாண்டு முடிவு தேதிகளையும் ஒரே நாட்காட்டியில் குறியுங்கள். எங்காவது இரண்டும் மோதும்; கணக்குப் பிரிவில் மோதாமல் இருக்காது. மோதும் இடத்தில் ஒப்படைவின் தேதியைப் பத்து நாள் முன்னால் இழுத்து உங்கள் கையால் எழுதுங்கள். முடியாது என்று தெரிந்தால் கால நீட்டிப்பைக் கெடு வருவதற்கு முன்பே கேளுங்கள். மூன்று வாரம் முன்பு வேலை நிமித்தமாகக் கேட்பவரை ஆசிரியர்கள் பெரும்பாலும் மதிக்கிறார்கள். கெடு முடிந்த மறுநாள் கேட்டால், பாவம், அவர்களால் விதியைத்தான் எடுத்துக் காட்ட முடியும்.

கெடு நேரம் பற்றி என் சொந்த அனுபவம். வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, கெடு இரவு 11.59 என்று போட்டிருந்தது. நான் நிதானமாக இரவு பத்தரைக்குப் பதிவேற்ற உட்கார்ந்தேன். அது அவர்கள் ஊர் 11.59. எனக்கு அன்று மாலையே முடிந்துவிட்டிருந்தது. பத்து சதவீத மதிப்பெண் போனது, அதோடு ஒரு வாரத் தூக்கமும். தேதியை எழுதும்போது உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள்.

உங்கள் கணவரின் கேள்வி. அதை நான் கொஞ்சம் அவர் பக்கமிருந்தும் பார்க்கிறேன். அவருக்குத் தெரிவதெல்லாம் தினமும் இரவு நீங்கள் லேப்டாப் முன்னால் இருப்பதும், பத்தேகாலுக்கு அதன் மேலேயே தூங்குவதும்தான். இது எப்போது முடியும், எந்த நேரத்தில் நீங்கள் வீட்டுக்குக் கிடைப்பீர்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. புது வாரத்தைக் காட்டி, சனிக்கிழமை காலை நாலு மணி நேரம் மகளும் வீடும் முழுக்க அவர் பொறுப்பு என்று நேராகக் கேளுங்கள். "உதவி பண்ணுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் அது காற்றோடு போய்விடும். அப்புறமும் அதே கேள்வியைக் கேட்டால், எனக்கு மறுபடி எழுதுங்கள். அது படிப்பைப் பற்றிய கேள்வியாக இருக்காது.

மகளுக்கு இரவு லேப்டாப் மூடியிருப்பது தெரிந்தாலே பாதிக் குறை தீரும். ஞாயிறு மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை அவள் வீட்டுப்பாடத்தோடு ஒரே மேசையில் வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு மணியில் பெரிதாக ஒன்றும் படிக்க முடியாது, எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

ஒரு பாடமாகக் குறைத்தும் திணறினால்? பல பல்கலைக்கழகங்களில் ஒரு பருவமோ ஒரு வருடமோ படிப்பை நிறுத்திவைக்க வழி உண்டு; எடுத்த கிரெடிட் அப்படியே இருக்கும். அதை முயன்ற பிறகுதான் முழுதாக விடுவதைப் பற்றிப் பேச வேண்டும். இப்போதைக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாணவர் ஆலோசகருக்கு என்ன எழுதுவதென்று யோசித்தே இரண்டு நாளைக் கடத்திவிடுவீர்கள் என்பதால், வரிகளையும் தந்துவிடுகிறேன். உங்கள் மொழியில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம். நான் முழுநேர வேலையில் இருக்கும் பகுதிநேர மாணவி. இந்தப் பருவம் இரண்டு பாடங்கள் எடுத்திருக்கிறேன், ஒன்றிலிருந்து விலக விரும்புகிறேன். மதிப்பெண் பட்டியலில் தோல்வி பதியாமல் விலகக் கடைசித் தேதி எது? கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், அல்லது அடுத்த பருவத்துக்கு மாற்ற முடியுமா? இந்த இரண்டு பாடங்களில் எது அடுத்த பருவத்திலும் நடக்கிறது? பருவத்துக்கு ஒரு பாடம் வீதம் போனால் அதிகபட்ச கால வரம்புக்குள் பட்டத்தை முடிக்க முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் நல்லது. நன்றி."